தொப்பியில் வியர்வைக் கறை படியாமல் இருக்க மூன்றடுக்கு உள்பட்டை தைக்கும் முறை

தொப்பியின் விளிம்பை ஒட்டி வெள்ளையாக ஓர் அலைக்கோடு தெரிகிறதா? அது உப்பு. வியர்வை பெரும்பாலும் தண்ணீர்தான். அதில் கொஞ்சம் உப்பு, கூடவே தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை. ஈரம் துணியின் இழைகள் வழியாக ஏறிக்கொண்டே போய், எந்த இடத்தில் காய்கிறதோ அந்த இடத்தில் உப்பை விட்டுவிடும். அதனால்தான் நெற்றி படும் இடத்தைவிட, அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி கறை அழுத்தமாக விழுகிறது. மஞ்சளாகப் படிவது எண்ணெய்ப் பசையின் வேலை, நாளாக ஆக நிறம் கூடும்.

தொப்பிக்குள் கெட்டியான டவல் துணியைத் தைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டவல் நிரம்பிய பிறகு அதே ஈரம் டவலைத் தாண்டித் தொப்பிக்குள் போகும். கறை கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். உறிஞ்சும் துணிக்கும் தொப்பிக்கும் நடுவில் ஈரம் கடக்க முடியாத ஒரு துணி வேண்டும். அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டு போகவும் ஈரத்துக்கு வழி இருக்கக் கூடாது. கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இதற்காகத்தான்.

வட்ட விளிம்புள்ள பருத்தித் தொப்பிக்கு, அதாவது கிரிக்கெட் மைதானத்தில் போடும் வகைக்கு, இந்த விளக்கம். கழற்றித் துவைக்கக்கூடிய பட்டை. தையல் மிஷினில் நேர்த்தையல் போடத் தெரிந்தால் போதும்.

மூன்று துணிகள்

நெற்றித் துணி: தோலில் படுவது. ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் பின்னால் கடத்திவிட வேண்டும். டிரை ஃபிட் என்று விற்கும் பாலியஸ்டர் பனியன் துணி இதற்குச் சரி. திருப்பூர் எக்ஸ்போர்ட் மிச்சத் துணி கிடைக்கும் ஊர் என்றால் சுலபம், இல்லையென்றால் பழைய ஜெர்சி டீ ஷர்ட் ஒன்றை வெட்டலாம். பளபளப்பான பாலியஸ்டர் எல்லாம் ஈரம் கடத்தாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடியில் பரவி மறைந்தால் நல்ல துணி. முத்தாக உருண்டு நின்றால் வேண்டாம். பழைய டீ ஷர்ட்டில் சொட்டு நின்றால், துவைக்கும்போது ஊற்றிய கம்ஃபர்ட் போன்ற திரவம் இழையில் படிந்திருக்கலாம். வெறும் சோப்பில் இரண்டு முறை அலசிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

உறிஞ்சுத் துணி: மெல்லிய டர்க்கி டவல், அல்லது மைக்ரோஃபைபர் துணி. புதுப் பருத்தித் துணியில் கஞ்சி இருக்கும், தண்ணீரை ஏற்காது. வெட்டுவதற்கு முன் இரண்டு முறை துவைத்துக் காய வையுங்கள், சுருங்குவதும் அதோடு முடிந்துவிடும்.

தடுப்புத் துணி: குடைத் துணி அல்லது மழைக்கோட்டுத் துணி. குழந்தைகளுக்கான துணி டயப்பரில் வெளிப்பக்கம் போடும் பி.யு.எல். துணி கிடைத்தால் இன்னும் நல்லது, மெத்தென்று இருக்கும். பழைய குடை என்றால் சோதிக்காமல் வெட்டாதீர்கள். துணியைக் கிண்ணத்தின் வாயில் குழிவாகக் கட்டி, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து அடியில் விரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் நனைந்தால் அந்தக் குடையின் பூச்சு போய்விட்டது.

மற்றவை: பாலியஸ்டர் நூல் (பருத்தி நூல் திரிபோல ஈரத்தை இழுக்கும்), 11 நம்பர் ஊசி, 4 ஜோடி சிறிய பிளாஸ்டிக் பிரஸ் பட்டன், துணி ஒட்டும் பசை, ஊக்கு, துணி கிளிப்புகள், டெய்லர் சாக், இன்ச் டேப். பிரஸ் பட்டன் உலோகத்தில் வேண்டாம். உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து, வியர்வைக் கறையைவிட மோசமான கறையை அதுவே போடும்.

முதலில் தொப்பி இடம் கொடுக்குமா என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் தைக்க ஆரம்பித்துத்தான் பலர் பட்டையைத் தூக்கிப் போடுகிறார்கள். தொப்பிக்குள் பட்டை வைத்தால், பட்டையின் தடிமன் எவ்வளவோ அதைப்போல ஆறு மடங்குக்கும் சற்று மேலே (2 × 3.14) உள்சுற்றளவு குறையும். தடிமன் 2.5 மி.மீ. என்றால் சுமார் 16 மி.மீ. குறையும். 59 செ.மீ. தொப்பி 57.4 ஆகிவிடும். தொப்பியில் ஒரு முழு அளவே இறங்கிப்போகும்.

மூன்று துணிகளையும் அடுக்கி விரலால் அழுத்திப் பிடித்து, ஸ்கேல் வைத்துத் தடிமனைப் பாருங்கள். இப்போதே தொப்பி தலையைக் கவ்விப் பிடிக்கிறது என்றால் முழுச் சுற்றுப் பட்டை வேண்டாம், காதிலிருந்து காதுவரை 30 செ.மீ. அளவுக்கு முன்பக்கம் மட்டும் போடுங்கள். வியர்வை அதிகம் கொட்டுவது நெற்றியில்தான், பாதிப் பட்டையே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். டவலுக்குப் பதில் மைக்ரோஃபைபர் போட்டால் தடிமன் இன்னும் குறையும்.

அளவும் வெட்டும்

தொப்பியின் உள்விளிம்பை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். கீழே உள்ளவை 59 செ.மீ. உள்சுற்றளவுக்கான கணக்கு. உங்கள் தொப்பி கூடினாலும் குறைந்தாலும் அந்த வித்தியாசத்தை நீளத்தில் மட்டும் கூட்டிக் குறையுங்கள், அகலம் மாறாது.

தடுப்புத் துணி: நீளம் 61, அகலம் 6 செ.மீ.
நெற்றித் துணி: நீளம் 59.5, அகலம் 4 செ.மீ.
உறிஞ்சுத் துணி: நீளம் 57, அகலம் 3 செ.மீ.

நெற்றித் துணி ஏன் ஒன்றரை செ.மீ. குட்டை? வளையத்தில் உள்சுற்று வெளிச்சுற்றைவிடச் சிறியது. இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டினால் உள்பக்கம் சுருக்கம் சுருக்கமாக நிற்கும், ஒரு மணி நேரத்தில் நெற்றியில் தடம் பதியும். பனியன் துணி அதிகம் இழுபடும் திசை நீளவாக்கில் வரும்படி வெட்டுங்கள்.

தடுப்புத் துணி 2 செ.மீ. அகலம் கூடுதலாக இருப்பதில்தான் இந்தப் பட்டையின் சூட்சுமம் இருக்கிறது. இந்த இரண்டு துணியையும் நீள ஓரங்களில் 5 மி.மீ. விட்டுச் சேர்த்துக் குழாயாகத் தைத்தால் நெற்றித் துணியில் 3 செ.மீ. மிஞ்சும், தடுப்புத் துணியில் 5 செ.மீ. மிஞ்சும். குழாயைத் தட்டையாக்கும்போது மொத்த அகலம் 4 செ.மீ. பின்பக்கம் முழுக்கத் தடுப்புத் துணி, முன்பக்கமும் மேலும் கீழும் அரை அரை செ.மீ. அதுவே மடிந்து வரும். தையல் ஓட்டைகள் எல்லாம் நெற்றிப் பக்கம் வந்துவிடும், தொப்பிப் பக்கம் நீளத் தையல் ஒன்றுகூட இருக்காது. நெற்றித் துணியைப் பின்னால் மடித்துத் தைக்கும் வழக்கமான முறையில், அந்த மடிப்பே ஈரத்தைத் தொப்பிக்கு ஏற்றிவிடும் ஏணி.

குடையின் ஒரு பட்டையில் 61 செ.மீ. கிடைக்காமல் போகலாம். இரண்டு துண்டாக வெட்டி இணையுங்கள், இணைப்பு நெற்றியில் வராமல் பக்கவாட்டுக்குத் தள்ளுங்கள்.

தைப்பது

1. பட்டன். தடுப்புத் துணியின் பூச்சு உள்ள பக்கம்தான் கெட்ட பக்கம், அது பட்டைக்கு உள்ளே போகும். இரண்டு முனையிலும் 1 செ.மீ. மடிப்புக்கு விட்டு, ஒரு மடிப்புக் கோட்டிலிருந்து 7.5, 22, 37, 51.5 செ.மீ. தூரங்களில், அகலத்தின் நடுவில், நல்ல பக்கத்தில் புள்ளி வையுங்கள். முனைகள் பின்தலைக்கு வரும். அதனால் நடு நெற்றியில் பட்டன் அழுத்தாது. பிரஸ் பட்டனின் ஒரு பாதியை இந்த நான்கு இடத்திலும் கையால் தைத்து, பூச்சுப் பக்கம் நூல் முடிச்சின்மேல் பசை ஒரு சொட்டு வைத்து நன்றாகக் காயவிடுங்கள். அந்த ஓட்டை அடைபட வேண்டும்.

2. முதல் ஓரம். நெற்றித் துணி, தடுப்புத் துணி இரண்டின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, நீள ஓரங்களைச் சேருங்கள். இரண்டையும் நான்கு சம பாகமாகச் சாக்கால் குறித்து, குறியோடு குறி சேர்த்து கிளிப் போடுங்கள். குண்டூசி குத்துவதென்றால் ஓரத்து 5 மி.மீ.க்குள் மட்டும். நடுவில் குத்தினால் அந்த ஓட்டை அடையாது. தையல் நீளம் 3 மி.மீ. நெருக்கமாகப் போட்டால் பூச்சு தபால்தலை ஓரம்போலக் கிழியும். குறிக்குக் குறி பனியன் துணியை லேசாக இழுத்துக் கொடுத்துத் தையுங்கள். பூச்சுத் துணி மிஷின் காலில் ஒட்டி நகர மறுத்தால், மேலே ஒரு கீற்று பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்துவிடலாம்.

3. இரண்டாம் ஓரம். இப்போது மீதி ஓரங்களைச் சேர்க்கும்போது தடுப்புத் துணி உப்பிக்கொண்டு நிற்கும். தப்பாக வெட்டிவிட்டோம் என்று கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். உப்பித்தான் நிற்க வேண்டும். அப்படியே ஓரம் சேர்த்து 5 மி.மீ. விட்டுத் தையுங்கள்.

4. திருப்புவது. ஒரு முனையில் ஊக்கைக் குத்தி, குழாய்க்குள் விட்டு மறுமுனைக்குத் தள்ளிக் கொண்டு வந்தால் நல்ல பக்கம் வெளியே வரும். அதே ஊக்கை உறிஞ்சுத் துணியின் முனையில் மாட்டி, பாவாடைக்கு நாடா கோப்பதுபோல் உள்ளே இழுங்கள். நடுவில் முறுக்கிக்கொள்ளும். தடவிப் பார்த்து நேராக்குங்கள். பிறகு 10 செ.மீ.க்கு ஒரு தையலாக, நெற்றித் துணியையும் உறிஞ்சுத் துணியையும் மட்டும் பிடித்துக் கைத்தையல் போடுங்கள். ஊசி தடுப்புத் துணிக்குள் இறங்கக் கூடாது.

5. ஓரம் உருட்டுவது. மேலும் கீழும் தடுப்புத் துணி 5 மி.மீ. முன்னால் தெரியும்படி விரலால் நீவி, கிளிப் போட்டு ஓர் இரவு வையுங்கள். அயர்ன் பண்ணாதீர்கள், பூச்சு உருகிவிடும்.

6. முனைகளை 1 செ.மீ. உள்ளே மடித்து ஹெம்மிங் செய்து, இரண்டு முனையையும் தொட்டாற்போல் வைத்து ஐந்தாறு தையலில் வளையமாக்குங்கள்.

தொப்பியில் மாட்டுமுன் ஒரு சோதனை

தட்டின்மேல் டிஷ்யூ பேப்பரை விரித்து, பட்டையின் ஒரு பகுதியைத் தடுப்புத் துணி கீழே இருக்கும்படி அதன்மேல் அழுத்தி வையுங்கள். நெற்றித் துணிமேல் இரண்டு டீஸ்பூன் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அரை மணி நேரம் கழித்து டிஷ்யூவைப் பாருங்கள். பட்டன் இருக்கும் இடத்தில் மட்டும் ஈரப்புள்ளி தெரிந்தால் பசை போதவில்லை. நீளக் கோடாக நனைந்திருந்தால் ஓரம் சரியாக உருளாமல் தையல் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டையும் இப்போதே சரிசெய்துவிடலாம்.

மாட்டுவது

பட்டையின் கீழ்மடிப்பு, தொப்பியின் தலைப்பகுதியும் விளிம்பும் சேரும் தையலுக்கு நேராக நிற்க வேண்டும். மேலே ஏறிவிட்டால் நெற்றி நேராக அந்தத் தையலைத் தொடும், ஈரம் அங்கிருந்து விளிம்புத் துணிக்குள் போய்விடும். சாதாரண முன்கூரைத் தொப்பியில் கூரையின் அடியில் கறை விழுவது இப்படித்தான். கீழே இறங்கினால் வெளியே எட்டிப் பார்க்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு, பிரஸ் பட்டனின் மறுபாதிகளைத் தொப்பியில் ஏற்கெனவே உள்ள உள்நாடாவில் மட்டும் தையுங்கள், வெளித்துணிவரை ஊசி போக வேண்டாம்.

கம்பளி ஃபெல்ட் தொப்பியில் இதைப் போடாதீர்கள். அதில் தோல் பட்டை ஏற்கெனவே இருக்கும். கழற்றியதும் அந்தத் தோலை வெளியே மடித்துவிட்டு, தொப்பியைக் கவிழ்த்து வைத்துக் காயவிடுவதே போதும்.

உச்சியில் படியும் கறை வேறு. நம் ஊரில் அது பெரும்பாலும் தேங்காய் எண்ணெய். அங்கே தடுப்புத் துணி போட்டால் காற்று அடைபட்டுத் தலை வேகும். 60 செ.மீ. நீளம், தொப்பியின் உள்ளுயரத்துக்குச் சமமான அகலத்தில் மல்மல் துணி எடுத்து, அகலத்தை இணைத்து வளையமாக்கி, மேல் ஓரத்தில் நூல் ஓட்டிச் சுருக்கி முடிந்துவிடுங்கள். கீழ் ஓரத்தை உள்நாடாவில் ஓட்டுத் தையலால் லேசாகப் பிடிக்கலாம். வாரம் ஒருமுறை பிரித்துத் துவைத்தால் எண்ணெய் தொப்பிக்குப் போகாது.

எவ்வளவு நேரம் தாங்கும், எப்படித் துவைப்பது

57 × 3 செ.மீ. டவல் துண்டு, 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 400 கிராம்) துணியானால், வெறும் 7 கிராம்தான் இருக்கும். கடும் வெயிலில் வேலை செய்பவருக்கு உடல் முழுவதும் சேர்த்து மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும். அதனால் எல்லாவற்றையும் இந்தப் பட்டை குடித்துவிடாது. நிரம்பிய பிறகு வியர்வை முகத்தில்தான் வழியும், ஆனால் தொப்பிக்குள் போகாது. சென்னைபோலப் புழுக்கமான ஊரில் பட்டை தலையிலேயே காய்வது நடக்காத காரியம். இரண்டு பட்டை தைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

துவைக்கும்போது முதலில் வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் உப்பு கரைந்துவிடும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, எண்ணெய்ப் பசைக்கு. முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கைக்கு நடுவில் அழுத்தி நீரெடுத்து நிழலில் உலர்த்துங்கள். துணி மென்மையாக்கும் திரவம் நெற்றித் துணியைக் கெடுக்கும். பிளீச்சிங் திரவமும் ஆகாது. சன்ஸ்கிரீன் தடவுகிறவர்கள் பட்டையில் துருநிறக் கறையைக் கண்டால் வியர்வையைக் குறை சொல்ல வேண்டாம். சில சன்ஸ்கிரீன்களில் உள்ள அவோபென்சோன் என்ற பொருள் போர்த் தண்ணீரின் இரும்போடு சேர்ந்து அந்த நிறத்தைக் கொடுக்கும், பிளீச் ஊற்றினால் இன்னும் கூடும்.

மாதம் ஒருமுறை அந்த டிஷ்யூ சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தடுப்புத் துணியின் பூச்சு தவிடுபோல உதிரத் தொடங்கினால் புதுப் பட்டை தைக்க வேண்டிய நேரம். பட்டன்களை மட்டும் வெட்டி எடுத்துப் புதியதில் தைத்துக்கொள்ளலாம்.