கைப்பேசிக்கும் ஒரு பெரட்டு நேரம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே ஆட்களைத் திரட்டிப் பெயர் போட்டு வேலைக்கு அனுப்பும் அந்த நேரத்தில் நாள் தொடங்கும். பால் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. கெட்ட செய்தி வந்தாலும் அது ஓர் ஆளின் வாய்வழியாகத்தான் லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசைக்குள் வந்தது. செய்தி சொன்னவர், கேட்டவர் அழுது ஓயும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். இன்று அந்த மரங்களின் இடத்தில் செம்பனை நிற்கிறது, லயத்துக் குடும்பங்கள் பட்டணத்து ஓரத் தாமான்கள் என்ற குடியிருப்புகளுக்கு வந்துவிட்டன, செய்தியோ இரவு பதினொரு மணிக்குத் தனியே படுத்திருப்பவரின் கைக்குள் வந்து விழுகிறது.

தோட்டத்துக் காலம் பொற்காலம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கள்ளுக்கடையும் தீராத கடனும் எத்தனை குடும்பங்களைக் கரைத்தன என்பதையும், மனம் கலங்கியவருக்கு மந்திரித்துக் கயிறு கட்டியதோடு கைவிட்டதையும் பார்த்தவன் நான். ஆனால் வேலைக்கும் செய்திக்கும் ஒரு நேரம் இருந்தது, துக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். இடைநிலைப்பள்ளியில் வழிகாட்டி ஆலோசக ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகும், கைப்பேசியால் மனம் கனத்து என் வீட்டுக்கு வந்து பேசுகிறவர்களிடம் நான் சொல்லும் வழிகளெல்லாம் இவ்விரண்டையும் மீட்டுக்கொள்வதற்கானவையே.

முதலில், எந்த நேரத்தில் மனம் சரிகிறது என்று பாருங்கள்

ஒரு நாளில் எத்தனை மணி நேரம் திரையைப் பார்க்கிறோம் என்று கணக்கெடுத்துக் கவலைப்படுவதில் அதிகப் பயனில்லை. பினாங்கில் படிக்கும் மகளோடு காணொளியில் ஒரு மணி நேரம் பேசுவதும், நள்ளிரவில் முன்பின் தெரியாதவர்களின் சண்டையை ஒரு மணி நேரம் படிப்பதும் கணக்கில் ஒன்றாகத் தெரிந்தாலும் மனத்துக்கு ஒன்றல்ல. எனவே ஒரு வாரத்துக்கு, ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில், கைப்பேசியைக் கீழே வைத்தபின் மனம் கனத்திருந்த வேளைகளை மட்டும் குறித்து வையுங்கள்: மணி என்ன, எதைப் பார்த்தீர்கள், பக்கத்தில் யாராவது இருந்தார்களா. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதியும், ஐபோனில் ஸ்க்ரீன் டைம் என்ற பகுதியும் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் சென்றது என்பதைக் காட்டும்; 2018 முதல் இருக்கும் இந்த வசதிகளை உங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலோருக்கு நாள் முழுவதும் கெடுவதில்லை; குறிப்பிட்ட இரண்டு வேளைகள்தாம் கெடுகின்றன. அவற்றைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை பாதியாகக் குறைகிறது.

இரவு

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோரின் குறிப்பில் அந்த வேளைகளில் ஒன்று இரவாகவே இருக்கிறது, ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். திரையின் வெளிச்சம், உறக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் என்ற சுரப்பைத் தள்ளிப்போடுகிறது என்பது உண்மை. ஆனால் வெளிச்சத்தைவிடத் திரையில் வருவதே அதிகம் விழிக்க வைக்கிறது. உறவினரின் குத்தல் பேச்சு ஒன்றைப் படித்துவிட்டு, அதற்குப் பதில் எழுதி, அழித்து, மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கும் மனத்துக்கு இருட்டறையும் உறக்கம் தராது. விடியற்காலையில் செம்பனைக் குலை அறுக்கச் செல்கிறவருக்கும், ஈப்போவிலுள்ள தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க ஐந்து மணிக்கு எழுகிறவருக்கும் இது வெறும் சோர்வு அல்ல, ஆபத்து. வளர்ந்தவருக்கு ஏழு மணி நேர உறக்கமாவது வேண்டும். அது தொடர்ந்து குறைந்தால் எரிச்சலும் பதற்றமும் ஏறும், சிறிய சொல்லும் பெரிய காயமாகத் தெரியும்.

இரவில் கைப்பேசியை வைக்கும் இடத்தைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றுங்கள். மின்னூட்டும் கம்பியைக் கூடத்திலேயே, சாமி படத்துக்குக் கீழேயோ தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயோ நிலையாக வைத்துவிடுங்கள். படுக்கையறையில் கம்பி இல்லாவிட்டால் பாதிப் போராட்டம் இல்லை. எழுப்புவதற்கு அதுதானே வேண்டும் என்பார்கள். பத்துப் பதினைந்து ரிங்கிட்டுக்கு இரவுச் சந்தையில் ஓர் அலாரக் கடிகாரம் கிடைக்கும். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் அவசரத்துக்கு அழைத்தால் என்ன செய்வது என்று ஒரு தாயார் கேட்டார், நியாயமான கேள்வி. தொந்தரவு வேண்டாம் என்ற அமைப்பை இயக்கி, அந்த மகனின் எண்ணை மட்டும் விதிவிலக்காக வைத்துவிட்டால் மற்ற மணியெல்லாம் ஓய்ந்து அவருடைய அழைப்பு மட்டும் ஒலிக்கும். அடுத்தடுத்து இருமுறை அழைப்பவரை அனுமதிக்கும் வசதியும் அதே இடத்தில் உண்டு. முதல் மூன்று நான்கு இரவுகள் கை பரபரக்கும். அது தோல்வியின் அடையாளமல்ல, பழக்கம் விடுபடும் விதம்.

புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களும் ஓயாத காணொளியும்

கோயில் குழு, பெற்றோர் சங்கக் குழு, தாமான் காவல் குழு, தாய்மாமன் வீட்டுக் குழு என்று ஒருவர் பதினைந்து புலனக் குழுக்களில் இருப்பது நம் ஊரில் சாதாரணம். இவற்றில் ஒன்றிலிருந்து விலகுவது உறவையே முறிப்பதாகக் கருதப்படுவதால் யாரும் விலகுவதில்லை. மனத்துக்குள் புழுங்கிக்கொண்டே இருக்கிறார்கள். விலகாமலே ஓய்வு பெறலாம். குழுவை எட்டு மணி நேரத்துக்கோ, ஒரு வாரத்துக்கோ, எப்போதுமோ ஒலியடக்கிவைக்கலாம். காப்பகத்துக்கு நகர்த்திவிட்டால் முன்பக்கத்தில் தெரியாது. நாளுக்கு ஒருமுறை, மாலைத் தேநீருக்குப் பிறகு என்று நேரம் வகுத்து அங்கே போய்ப் படியுங்கள். இந்த நேரத்தைத்தான் நான் கைப்பேசியின் பெரட்டு என்கிறேன்: ஆட்கள் வரிசையில் நிற்க, நீங்கள் பெயர் கூப்பிடுகிறீர்கள். உண்மையிலேயே விலக வேண்டுமென்றால், 2022 முதல் விலகுகிறவரின் பெயர் குழு நிர்வாகிகளுக்கு மட்டுமே அறிவிக்கப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நீல நிறக் குறி இன்னொரு தொல்லை. படித்துவிட்டுப் பதில் சொல்லவில்லையே என்று ஒருவர் வருந்த, உடனே பதில் சொல்ல வேண்டுமே என்று மற்றவர் நெருக்கப்படுகிறார். தனியுரிமைப் பகுதியில் அந்தக் குறியை நிறுத்தினால் இருவருக்கும் நிம்மதி. அப்போது பிறருடைய குறியும் உங்களுக்குத் தெரியாது, அதுவும் நல்லதுதான்.

டிக்டாக், ஃபேஸ்புக், யூடியூப் ஆகியவற்றில் ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்பது தற்செயல் அல்ல. எதில் நின்றீர்கள், எதை மறுபடி பார்த்தீர்கள் என்று கணக்கிட்டு, உங்களை இன்னும் சற்று நேரம் நிறுத்தக்கூடியதையே அந்தச் செயலி எடுத்துத் தருகிறது. பிடித்ததால் நின்றீர்களா, வயிறு எரிந்து நின்றீர்களா என்ற வேறுபாடு அதற்கு அவ்வளவாகத் தெரியாது. சோகப் பாட்டில் நான்கு நிமிடம் நின்றவருக்கு ஒரு வாரம் சோகமாகவே வருவது இதனால்தான். யூடியூப்பில் தானாக ஓடும் வசதியை அணைத்து விடுங்கள். டிக்டாக்கில் காணொளியை அழுத்திப் பிடித்து, ஆர்வமில்லை என்பதைத் தொடுங்கள். வகுப்புத் தோழியின் புது வீடு, அத்தை மகனின் காரையும் ஐரோப்பியப் பயணத்தையும் காட்டும் படங்கள் உங்களை நோகடிக்கின்றன என்றால், அவர்களோடு நட்பைத் துண்டிக்காமலே அவர்களுடைய பதிவுகளை மறைத்து வைக்கலாம். இது பொறாமை ஆகிவிடுமோ என்று கூச வேண்டாம்.

பணமும் அவமானமும்

இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, ஆனால் என் வாசலில் அழுதவர்களில் பலரின் கதை இதுதான்: போலி முதலீட்டில் போன சேமிப்பு, இணையச் சூதில் கரைந்த சம்பளம், கைப்பேசி வழியாக அலோங் என்ற கந்துவட்டிக்காரரிடம் வாங்கிய கடன். பணத்தைவிட, உறவினர் எண்களுக்கெல்லாம் தன் படத்தை அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சமே அவர்களை முடக்குகிறது. அன்று இரவுக்குள் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். மிரட்டுகிறவனின் பலம் நீங்கள் மறைத்து வைத்திருக்கும்வரைதான். மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பியது தெரிந்த உடனே வங்கியையும் 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மையத்தையும் அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிவிடும். வங்கிக் கடன்களை ஒழுங்குபடுத்த, 2006-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. இணையத்தில் ஒருவர் உங்களைத் தொடர்ந்து இழிவுபடுத்தினால், பதில் எழுதாமல் திரையைப் படமெடுத்து வைத்துக் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். இத்தகைய பகடிவதைக்கென்றே தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவுகள் 2025 ஜூலை முதல் நடப்பில் உள்ளன.

பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது, பேரனுக்குச் சோறு ஊட்டக் கைப்பேசியைக் காட்டும் பாட்டிமார்கள் மன்னிக்கவும். பதின்ம வயதினரிடம் கைப்பேசியைப் பிடுங்குவதால் மறைத்துப் பார்க்கும் திறமைதான் வளரும். கூடத்தில் மின்னூட்டும் விதியை அப்பாவும் அம்மாவும் முதலில் கடைப்பிடித்தால் பிள்ளைகளிடம் அதிகம் பேச வேண்டியிருக்காது.

இவையெல்லாம் செய்தும் தெளியாவிட்டால்

இரண்டு வாரங்களுக்கு மேலாக, பெரும்பாலான நாள்களில், மனம் கனத்தே இருந்து, பிடித்ததில் பிடிப்பில்லாமல், உறக்கமோ பசியோ கெட்டு, தன்மீதே வெறுப்புத் தோன்றினால், அது கைப்பேசியோடு நிற்கும் சிக்கல் அல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. இது அரிதானதும் அல்ல. 2023-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், 16 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியர்களில் 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய 10 லட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். 2019-இல் இது 2.3 விழுக்காடாக இருந்தது. 2022-இல் மாணவர்களிடையே நடந்த ஆய்வில், பதின்ம வயதினரில் நால்வரில் ஒருவர் மனச்சோர்வோடு இருந்தார்.

நம் ஊரில் இதற்குக் குறுக்கே நிற்பது தூரமல்ல, ஒரு பெயர். 1911-இல் தொடங்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருப்பதால், அந்தப் பெயரையே வசைச்சொல்லாக்கி மூன்று தலைமுறைகளாகப் பயன்படுத்தி வருகிறோம். மனச்சோர்வு என்றாலே அங்கே அடைத்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறோம். உண்மையில் முதல் படி அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையம்தான். குடிமக்களுக்கு அங்கே 1 ரிங்கிட் கட்டணம். பதிவு செய்யும் இடத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி எதையும் விளக்க வேண்டியதில்லை, உறக்கம் வரவில்லை என்று சொன்னால் போதும். உள்ளே மருத்துவரிடம் மற்றதைச் சொல்லுங்கள். அவர்கள் பயன்படுத்தும் வினாத்தாள்களில் ஒன்றான டாஸ்-21, கடந்த ஒரு வாரத்தில் சோர்வு, பதற்றம், அழுத்தம் எவ்வளவு இருந்தன என்று 21 கேள்விகளில் கேட்கிறது. உங்கள் பயிற்சிப் புத்தகக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு முன்னால் வாய் அடைத்துவிடும் நம் வழக்கத்துக்கு அது கை கொடுக்கும்.

பக்கத்தில் இருக்கும் ஒருவர், இனி இருந்து என்ன பயன் என்ற தொனியில் பேசினாலோ புலனத்தில் எழுதினாலோ, சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்: "செத்துப் போகலாம்னு தோணுதாப்பா?" அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற பயம் தவறானது, கேட்கப்பட்டவர் பெரும்பாலும் மூச்சுவிட இடம் கிடைத்ததாக உணர்கிறார். பதிலுக்கு அறிவுரை சொல்லாதீர்கள், கோயிலுக்குப் போ, குடும்பத்தை நினை என்றெல்லாம் தொடங்காதீர்கள். கேளுங்கள், கூடவே இருங்கள், களைக்கொல்லியையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள், தனியே விட்டுவிட்டு உதவி தேடிப் போகாமல் அங்கிருந்தபடியே அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999. பேசி ஆறுதல் பெற, 1970 முதல் இயங்கிவரும் பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929 இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறது. சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555. தமிழில் பேச விரும்பினால் தொடங்கும்போதே கேளுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டதால், போலீஸ் வருமே என்று மறைத்து வைக்க வேண்டிய காரணமும் இப்போது இல்லை.

முதல்முறை சுகாதார நிலையத்துக்குப் போய்வந்தவர்களில் பலர், ஒன்றும் செய்யவில்லை, கேள்விதான் கேட்டார்கள் என்று சலித்துக்கொண்டு மறுபடி போவதில்லை. மருந்து கொடுத்தால் அது வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். பேச்சு ஆலோசனைக்கும் ஒரு சந்திப்பு போதாது. எனவே வெளியே வருவதற்கு முன் அடுத்த தேதியை வாங்கி, சமையலறை நாள்காட்டியில் வட்டமிட்டு, அன்று உங்களைக் கூட்டிச்செல்லும் ஆளிடமும் அப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.