‘பார்க்கலாம்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

யாராவது அழைத்தால், போக முடியாது என்று தெரிந்தும் ‘பார்க்கலாம்’ என்போம். கேட்டவருக்கும் விஷயம் புரிந்துவிடும். ஆங்கிலம் பேசும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அதையே ‘ஐ வில் ட்ரை’ என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். கூட வேலை பார்த்தவர் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தார். இங்கே அந்தச் சொல்லைப் பாதிச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லிவிடலாம், பதமாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வெறும் ‘ஐ ஆம் பிஸி’ கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். ‘ஐ டோன்ட் ஹேவ் டைம்’ அதைவிட மோசம், உனக்கெல்லாம் ஏது நேரம் என்பது போலக் கேட்கும். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று தொடங்குங்கள். இதில் பயம் எதுவும் இல்லை, நம் ‘மன்னிக்கணும்’ மாதிரிதான். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ ஆம் ஃபுல்லி புக்ட் திஸ் வீக்.’ கையோடு ‘ஹவ் அபௌட் நெக்ஸ்ட் டியூஸ்டே?’ என்று மாற்று நாளும் கேட்டுவிட்டால், தட்டிக்கழிக்கிறார் என்று தோன்றாது.

சில மணி நேரம்தான் சிக்கல் என்றால் ‘ஐ ஆம் டைடு அப் (tied up) அன்டில் த்ரீ’ போதும், மூன்று மணிக்கு மேல் வரலாம் என்று புரிந்துகொள்வார்கள். காரணம் சொல்ல விருப்பமில்லையா? ‘ஐ ஹேவ் அ ப்ரையர் கமிட்மென்ட்’, அதாவது ஏற்கெனவே ஒப்புக்கொண்டது ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் துருவிக் கேட்பது அநாகரிகம் என்று அவர்களே விட்டுவிடுவார்கள். தலைவலி, வீட்டுக்கு விருந்தாளி என்று நாம் அடுக்கத் தேவையில்லை.

‘கேன் ஐ டேக் அ ரெயின் செக்?’ என்பது அமெரிக்காவில் அதிகம் காதில் விழும். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டிலிருந்து வந்த பேச்சு. இன்று முடியாது, வேறொரு நாள் வருகிறேன் என்று பொருள். வரவே விருப்பமில்லாத இடத்தில் இதைச் சொல்லாதீர்கள், மறுபடி கூப்பிடுவார்கள்.

மேலதிகாரி புது வேலையை நீட்டும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ‘ஐ ஹேவ் அ லாட் ஆன் மை ப்ளேட் ரைட் நௌ. விச் ஒன் ஷுட் ஐ டூ ஃபர்ஸ்ட்?’ என்று கேட்டுப் பாருங்கள். கையில் ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது, எதை முதலில் செய்யட்டும் என்று பொருள். மறுத்த மாதிரியும் இல்லை; எதைத் தள்ளிவைப்பது என்ற முடிவு அவர் கைக்குப் போய்விடும்.

அப்புறம், ஊரில் இல்லை என்று சொல்ல ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ வேண்டாம். எந்த ஸ்டேஷன் என்று விழிப்பார்கள். ‘அவுட் ஆஃப் டவுன்’ என்றால் புரியும்.