வண்டி நிற்கிறது, இன்ஜின் ஏன் ஓடுகிறது? ராமேஸ்வரம் சவாரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரத்துக்குப் புதிதாகச் சவாரி கொண்டுவரும் டிரைவரைக் கார் பார்க்கிங்கில் சுலபமாக அடையாளம் காணலாம். பார்ட்டி 22 தீர்த்தம் ஆடப் போயிருக்கும். சாமி கும்பிட்டுத் திரும்ப எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். இவர் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, சீட்டைச் சாய்த்து, வண்டியை ஸ்டார்ட்டிங்கிலேயே வைத்திருப்பார். கேட்டால் பதில் தயார்: "அணைச்சு அணைச்சுப் போட்டா செல்ஃப் மோட்டார் போயிடும்ணே, எண்ணெயும் கூட இழுக்கும்." இன்று அவரைப் பார்த்துச் சிரிக்கிற பழைய டிரைவர்களும் ஒரு காலத்தில் இதையே சொன்னவர்கள்தான். கார்புரேட்டர் வண்டிகளில் அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

ஹேண்ட் பிரேக்கை மறப்பது, ஹெட்லைட்டை எரியவிட்டுப் போவது எல்லாம் இந்தப் பட்டியலில் வராது. அவை ஒரு தடவை பட்டாலே புரிந்துவிடும்.

"செல்ஃப் அடித்தால் செலவு"

இன்ஜெக்‌ஷன் வண்டியில், சூடான இன்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் எண்ணெய், சுமார் 10 செகண்ட் சும்மா ஓடினால் ஆகிற அளவுதான். ஏசியோடு நிற்கும் சின்ன பெட்ரோல் கார் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கும். கோயில், பேய்க்கரும்பு கலாம் நினைவிடம், ராமர் பாதம், கோதண்டராமர் கோயில், அரிச்சல்முனை என்று ஒரு நாளில் மூன்று மணி நேரம் நின்றால் மூன்று லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 300 ரூபாய் போச்சு. அன்றைய பேட்டாவில் அது எவ்வளவு என்று அவரவரே பார்த்துக்கொள்ளலாம்.

பேட்டரி கணக்கும் இப்படித்தான். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தாலும் ஒரு செகண்டுதான் இழுக்கிறது. ஒரு நிமிடம் ஓட்டினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். பேட்டரியைக் கொல்வது வேறு: இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை ஆனிலேயே வைத்து, புளோயரும் பாட்டும் ஓடவிடுவது. 15 ஆம்பியர் வீதம் அரை மணி நேரம் போனால் 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு காலி. அணைத்தால் சாவியை முழுசாகத் திருப்பி எடுக்க வேண்டும்.

ரயில்வே கேட் அடைத்திருந்தால் அணைத்துவிடுங்கள். பத்தடி பத்தடியாக நகரும் வரிசையில் வேண்டாம்.

தனுஷ்கோடி வெயிலில் ஏசி போட்டுத் தூங்குவது

எண்ணெய்ச் செலவாவது 300 ரூபாயோடு போகும். இது இன்ஜினையே பிரிக்க வைக்கும். இருந்தும் சீசனுக்குச் சீசன் யாராவது ஒருவர் இதில் மாட்டுகிறார். எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது. நின்றுவிட்டால் எல்லாமே ஒரு ஃபேனை நம்பித்தான். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் அதன் சூடும் இதன் தலையில்தான் விழும். மதுரையில் இதைச் சமாளிக்கிற வண்டி இங்கே தடுமாறுவதற்குக் காரணம் உப்பு. பாம்பன் தாண்டி அடிக்கடி வந்துபோகும் வண்டியின் பானெட்டைத் திறந்து ஃபேன் மோட்டாருக்கு வயர் சேரும் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கண்டென்சர் தகட்டை நகத்தால் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும். அந்த இடத்தில் குழாய் மட்டும் இருக்கும், சூட்டை இறக்கத் தகடு இருக்காது.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. பல வண்டிகளில் ஃபேனுக்கு இரண்டு வேகம். கம்மி வேகத்தைக் கொடுக்கும் ரெசிஸ்டர்தான் முதலில் போகும். அது போனால் சாதாரணச் சூட்டில் ஃபேன் சுற்றாது. சூடு நன்றாக ஏறிய பிறகு ஒரேயடியாக முழு வேகத்தில் கத்திக்கொண்டு ஓடும். டிரைவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு "ஃபேன் நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுவார். அறிகுறி சுலபம்: ஓடும்போது ஏசி ஜில்லென்று இருக்கும், நின்றால் வெதுவெதுப்பாக வரும். இதைக் கேஸ் குறைவு என்று நினைத்துக் கேஸ் அடிப்பவர்களே அதிகம்.

கிளம்பும் முன் இரண்டு நிமிடச் சோதனை போதும். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து கையை உள்ளே விடாமல் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கம்ப்ரசர் பிடித்த சில செகண்டில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் ஃப்யூஸ், அடுத்து ரிலே. பக்கத்தில் அதே நம்பர் ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பிறகு கப்ளர். களிம்பைச் சுரண்டி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, எலக்ட்ரிக்கல் கிரீஸ் வைத்து மூடுங்கள். தனுஷ்கோடி போய் வந்த அன்றே, இன்ஜின் ஆறிய பின், ரேடியேட்டரையும் கண்டென்சரையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சாதா ஹோஸ் போதும். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் தகடு மடங்கிவிடும்.

சரி, தூங்கிவிட்டார், டெம்பரேச்சர் முள் ஏறிவிட்டது. முள்ளே இல்லாமல் வெறும் சிவப்பு லைட் மட்டும் வைத்திருக்கும் சின்ன வண்டி என்றால் அது எரியும்போதே நேரம் கடந்திருக்கும். முள் மேலே ஏறத் தொடங்கினால் முதலில் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே அனலடிக்கும், அந்தச் சூடு இன்ஜினிலிருந்து இறங்குகிற சூடு. அப்போதும் முள் சிவப்பைத் தொட்டாலோ, ஆவி வந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்பட வேண்டாம். கூலண்ட் வடிந்து சென்சார் காற்றில் தொங்கினாலும் முள் அப்படித்தான் விழும்.

ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்காவது தொடக் கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் அந்தத் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்தால் அந்த நொடியே பொங்கி முகத்தில் அடிக்கும். பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் இன்ஜினில் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம். அதுவும் இங்கே கிடைக்கும் போர் தண்ணீர் உப்பு. உள்ளே காறை படிந்து வாட்டர் பம்பைத் தின்னும். டிக்கியில் ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், ஒரு லிட்டர் கூலண்ட் கிடக்கட்டும். அவசரத்துக்கு உப்புத் தண்ணீர்தான் கிடைத்தது என்றால், ஊருக்குப் போனதும் முழுசாக வடித்து, கழுவி, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்ப வேண்டும்.

இதையெல்லாம் தவறவிட்டால் அலுமினிய ஹெட் வளைந்து கேஸ்கட் ஊதிவிடும். வெள்ளைப் புகை, கூலண்ட் டப்பாவில் குமிழி, டிப் ஸ்டிக்கில் பால்காபி நிறத்தில் ஆயில். ஹெட்டை இறக்கி, அதன் வளைவைச் சமன் செய்ய ஃபேசிங் போட்டு, கேஸ்கட் மாற்றி முடிக்க நாட்கணக்கில் வண்டி ஷெட்டில் நிற்கும். பார்ட்டிக்கு வேறு வண்டி பிடித்துக் கொடுக்கும் செலவு தனி.

ஏசி இல்லாமல் எப்படி என்பவர்களுக்கு: முன் கண்ணாடிக்கு மறைப்பு, நான்கு கண்ணாடியும் அரை விரல் இறக்கம், வண்டியின் மூக்கு காற்று வரும் திசைக்கு. பின்பக்கத்துக் காற்று ரேடியேட்டர் ஃபேனை எதிர்த்துத் தள்ளும். பார்ட்டி வந்ததும் ஒரு கதவைத் திறந்து வைத்து எதிர்க் கதவை ஐந்தாறு முறை ஆட்டினால் அனல் வெளியேறிவிடும். தீர்த்தமாடி ஈரத்துணியோடு வருகிறவர்கள் ஏசியைக் குறைக்கத்தான் சொல்வார்கள்.

மணலில் இறக்கி நிறுத்தி ஓடவிடுவது

தார் ரோட்டை விட்டு இறக்கினால் டயர் புதையும். சைலன்சர் வாயும் மணலில் புதைந்தால் புகை வண்டிக்கு அடியிலேயே தேங்கி உள்ளே ஏறும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

டர்போ வண்டியை வந்த வேகத்தில் அணைப்பது

இங்கே மட்டும் அவசரம் கூடாது. பரமக்குடியிலிருந்து 100-ல் விரட்டி வந்து டீக்கடையில் நிறுத்திய மறு செகண்டே சாவியைத் திருப்பினால், ஆயில் ஓட்டம் நின்று, கொதிக்கும் டர்போ பேரிங்கில் மிச்சமிருக்கும் ஆயில் கருகிப் படியும். ஒரு நிமிடம் ஸ்லோவில் விட்டு அணையுங்கள். பாம்பன் பாலத்தில் ஊர்ந்து வந்த வண்டிக்கு அதுவும் தேவையில்லை, வழியிலேயே ஆறியிருக்கும்.

பிஎஸ்6 டீசல் என்றால் இன்னொன்று. புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் கரி சேர்வது ஸ்லோவில் மணிக்கணக்கில் நிற்கும்போதுதான். அது எரிந்து சுத்தமாக நல்ல வேகத்தில் ஓட்டம் வேண்டும். டிபிஎஃப் லைட் எரிந்தால் ராமநாதபுரம் ரோட்டில் நிற்காமல் 20 நிமிடம் ஓட்டுங்கள். கரி எரிந்து முடியும் முன் பாதியில் பாதியில் அணைத்தால் டீசல் ஆயிலில் இறங்கி டிப் ஸ்டிக்கில் அளவு ஏறும். ஆயில் கூடுகிறதே என்று யாரும் கவலைப்படுவதில்லை, அதுதான் பிரச்சினை.

பாலத்து இறக்கத்தில் அணைத்து உருட்டுவது

இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஸ்டீயரிங்கும் இறுகும். கியரில் இறங்கினாலே இன்ஜெக்டர் எண்ணெயை நிறுத்திவிடும், மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்குச் சாதா பேட்டரி

நிற்கும்போது தானாக அணைந்து, கிளம்பும்போது தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டிக்குச் சாதா பேட்டரி தாங்காது. ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் (அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் பேட்டரி வகைகள்) என்று பழைய பேட்டரியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள்.