மெட்ரோ பக்கத்தில் வாடகை வீடு: சென்னையில் எங்கே சறுக்குகிறார்கள்?

'மெட்ரோவுக்கு 5 நிமிட நடை' என்று விளம்பரத்தில் இருந்தால், அது பெரும்பாலும் பைக்கில் போகிற 5 நிமிடம். காலை எட்டரைக்கு, வீட்டு வாசலிலிருந்து நிலையத்து நுழைவாயில் வரை ஒருமுறை நடந்தே பாருங்கள். நடைபாதை இருக்கிறதா, சாலையை எங்கே கடக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

அதைவிடப் பெரிய தவறு, எந்த வழித்தடம் என்று பாராமல் வீடு பிடிப்பது. அசோக் நகரில் வீடு, தேனாம்பேட்டையில் அலுவலகம் என்றால் வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் அசோக் நகர் பச்சை வழித்தடம், தேனாம்பேட்டை நீல வழித்தடம். ஈக்காட்டுத்தாங்கல் வழியாக ஆலந்தூர் போய், அங்கே வண்டி மாறி, கிண்டி, சின்னமலை, சைதாப்பேட்டை, நந்தனம் தாண்டித்தான் வர முடியும். மொத்தம் ஏழு நிறுத்தம். இதற்கு சைதாப்பேட்டையிலேயே வீடு பார்த்திருக்கலாம்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., மூன்று வழித்தடங்கள்; வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. 'நாளைக்கே மெட்ரோ வந்துடும் சார்' என்பதற்காக இன்றே கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள். திறக்கும்வரை உங்களுக்குக் கிடைப்பது தூசியும் மாற்றுப்பாதையும்தான்.

இணையத்தில் நாலரை நட்சத்திரம் வாங்கிய குடியிருப்பு என்று நம்பி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். நட்சத்திரத்தை விடுங்கள், ரிவியூக்கள் எழுதப்பட்ட தேதியைப் பாருங்கள். ஒரே மாதத்தில், ஒரே வரிப் பாராட்டாகக் குவிந்தவை கணக்கில் சேராது. மே, ஜூனில் எழுதியவற்றில் தண்ணீர்ப் பிரச்சினை இருக்கும்; நவம்பர், டிசம்பரில் எழுதியவற்றில் வெள்ளம் இருக்கும். 2015 வெள்ளத்தில் ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டைப் பக்கம் அடையாற்றுத் தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது. தரைத்தளம் என்றால் சுவரின் அடியில் பெயின்ட் நிறம் மாறியிருக்கிறதா, இ.பி. மீட்டர் பெட்டியை மேலே ஏற்றி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் தண்ணி கேன் போடுபவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். கோடையில் லாரி எத்தனை தடவை வரும், போர் தண்ணி உப்பா என்பதற்கு அவர்கள் சொல்லும் பதிலை எந்த ரிவியூவிலும் பார்க்க முடியாது.

அரும்பாக்கம், வடபழனி போன்ற உயர்மட்டத் தடங்களில் ரயில் போகும் உயரத்துக்கு நேராகப் படுக்கையறை ஜன்னல் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். அதிகாலையிலேயே வண்டி ஓடத் தொடங்கிவிடும்.

ஒப்பந்தத்தில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். '11 மாசம்தானே, பதிவு வேண்டாம்' என்பது பழைய பேச்சு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். முன்பணமும் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆனால் 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற வாசகம் சட்டத்திலேயே உண்டு. ஆறு மாத, பத்து மாத வாடகையை முன்பணமாகத் தருகிறேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் சட்டத்தைக் காட்டிப் பேச முடியாது.

மெயின்டனன்ஸ் வாடகைக்குள்ளா, தனியா? காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள்? கரன்ட் பில் இ.பி. அட்டைப்படியா, வீட்டுக்காரர் சொல்லும் யூனிட் விலையா? மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சாவி கைக்கு வரும் அன்றே இ.பி. மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.