காஷ்மீரில் குதிரைச் சவாரி: நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

பஹல்காமில் டாக்ஸியிலிருந்து இறங்குவதற்குள் நாலைந்து குதிரைக்காரர்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். நாம் உடனே பேரத்தில் இறங்கிவிடுவோம். கால் மணி நேரம் பேசி, குதிரைக்கு இருநூறு ரூபாய் குறைத்துவிட்ட திருப்தியில், எந்தக் குதிரை என்றுகூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்துகொள்வோம். முதல் முறை போனபோது எங்கள் குடும்பம் செய்ததும் அதுதான். ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போது, மரங்களுக்கு நடுவே ஓர் இறக்கத்தில், அம்மா உட்கார்ந்திருந்த சேணம் மெதுவாக இடது பக்கம் சரிந்தது. குதிரை ஓடவில்லை, மிரளவில்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அம்மா மட்டும் சேணத்தோடு சேர்ந்து சாய்ந்து, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு ஊர் திரும்பினோம்.

அதற்குப் பிறகு மூன்று முறை காஷ்மீர் போயிருக்கிறேன், மூன்று முறையும் குதிரை ஏறியிருக்கிறேன். ஆகவே சவாரியே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கீழே லித்தர் ஆறு நுரைத்து இரைந்துகொண்டு ஓட, மேலே புல்வெளியை நோக்கிக் குதிரையில் போகும் சுகமே தனி. ஆனால் நம் ஆட்கள் செய்யும் தவறுகள் ஒரே மாதிரி இருக்கின்றன. குதிரையை ஆட்டோ மாதிரி நினைத்துவிடுகிறோம். ஏறி உட்கார்ந்தால் கொண்டுபோய்ச் சேர்க்கும், நமக்கு வேலை ஒன்றும் இல்லை என்று நம்புகிறோம். மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

பட்டையைப் பார்க்காமல் ஏறுவது

அம்மா விழுந்ததற்குக் காரணம், குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தைப் பிடித்திருக்கும் பட்டை. அதைக் காலையில் கட்டியிருப்பார்கள். கட்டும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். கொஞ்ச தூரம் நடந்ததும் வயிறு தளரும், சேணத்துக்கு அடியில் போட்டிருக்கும் கம்பளியும் அமுங்கும். பட்டை தொளதொளவென்று ஆகிவிடும். சமதளத்தில் இது தெரியாது. இறக்கத்தில், நம் உடல் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் சேணம் அப்படியே சுற்றிக்கொள்ளும்.

இரண்டாவது பயணத்தில் வந்த குதிரைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். நான் ஏறப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினார். பட்டைக்கும் குதிரையின் விலாவுக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். விரல் தாராளமாகப் போனது. பட்டையை இன்னும் ஓர் ஓட்டைக்கு இழுத்து மாட்டினார். மறுபடி விரலை விட்டார், இப்போது இறுக்கமாகத்தான் போனது. பிறகு சேணத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். சேணம் தனியாக ஆடவில்லை, குதிரையே சேர்ந்து அசைந்தது. அப்புறம்தான் ஏறச் சொன்னார். கால் மணி நேரம் நடந்ததும், யாரும் கேட்காமலே நிறுத்தி மறுபடியும் விரலை நுழைத்துப் பார்த்தார்.

எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. சீசனில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு நடை போகிறவருக்கு அவசரம் இருக்கும். ஏறும் முன் ஒரு முறை, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஒரு முறை, இறக்கம் தொடங்கும் முன் ஒரு முறை நீங்களே கேளுங்கள். இந்தி தெரியாவிட்டாலும் “பெல்ட் டைட் கரோ” என்றால் புரிந்துகொள்வார்கள். சில சேணங்களில் வாலுக்கு அடியில் போகும் ஒரு பட்டையோ கயிறோ இருக்கும். இறக்கத்தில் சேணம் கழுத்துப் பக்கம் நழுவாமல் பிடிப்பது அதுதான், அறுந்து தொங்கவில்லையே என்று பாருங்கள். ஏறும்போது தரையிலிருந்து எக்கித் தொங்காதீர்கள். சேணம் முழுதும் இடப்பக்கம் இழுபடும், குதிரையின் முதுகும் திருகும். ஒரு கல் மேலோ திட்டின் மேலோ நின்று ஏறினால் இருவருக்கும் நல்லது.

உடல் எடையைச் சொல்லக் கூச்சப்படுவது

இது நிறைய பேர் யோசிக்காத விஷயம். குதிரை தன் எடையில் சுமார் 20 சதவீதம் வரைதான் சுமக்கலாம் என்பது குதிரை வளர்ப்பில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சேணமும் அதில் அடக்கம். 300 கிலோ எடையுள்ள மலைக்குதிரை என்றால் 60 கிலோ வருகிறது. சேணம், கம்பளிக்குப் பத்து கிலோ போனால் ஆளுக்கு மிஞ்சுவது 50. மலைக்குதிரைகள் எலும்பு கனத்தவை, உரமானவை, கணக்குக்கு மேலும் சுமக்கும் என்பது உண்மைதான். ஆனால் எண்பது, தொண்ணூறு கிலோ ஆள் செங்குத்தான ஏற்றத்தில் ஏறி உட்கார்ந்தால் அதற்கு என்ன ஆகும் என்று ஏற்றத்தின் பாதியில் அதன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்தால் தெரியும். எடையை நேராகச் சொல்லி, இருப்பதிலேயே பெரிய, வலுவான குதிரையைக் கேளுங்கள். குறுகிய தூரம் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடினமான ஏற்றத்தில் இறங்கி நடங்கள். அப்படியும் அதிகம் என்று குதிரைக்காரர் தயங்கினால், வேண்டாம்.

ஏறும் முன் குதிரையை ஒரு முறை சுற்றிப் பாருங்கள், பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி நின்று. பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலும் முன்னங்காலுக்குப் பின்னால் பட்டை உரசும் இடத்திலும் முடி உதிர்ந்து, தோல் சிவந்து புண் இருக்கிறதா? நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தலையைத் தூக்கித் தூக்கிப் போடுகிறதா? அப்படியென்றால் ஏதோ ஒரு காலில் வலி இருக்கலாம். கல் பாதையில் நடத்திக் காட்டச் சொல்லிக் காது கொடுத்துக் கேளுங்கள். நாலு லாடமும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும், ஒன்று மட்டும் வேறு மாதிரி கலகலத்தால் ஆணி தளர்ந்திருக்கலாம்.

புண் இருக்கிற குதிரையை வேண்டாம் என்றால் அந்த மனுஷன் பிழைப்பில் கை வைப்பது ஆகாதா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. வேறு குதிரை கொண்டு வரச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஸ்டாண்டிலேயே தெரிந்தவரிடமிருந்து கொண்டு வந்துவிடுவார்கள். ஏன் வேண்டாம் என்கிறோம் என்று புண்ணைத் தொட்டுக் காட்டாமல் கையால் சுட்டிக் காட்டிச் சொல்லுங்கள். பத்துப் பேர் அப்படிச் சொன்னால் அந்தக் குதிரைக்கு ஒரு வாரம் ஓய்வு கிடைக்கும்.

உடை, செருப்பு

சேலை வேண்டாம். துப்பட்டாவும் சால்வையும் காற்றில் பறக்கும்படி வேண்டாம், உள்ளே செருகிக்கொள்ளுங்கள். செருப்பு கண்டிப்பாகக் கூடாது, சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடிக்குள் பாதம் வழுக்கி முழுதாக நுழைந்துவிடும். விழுந்தால் கால் மாட்டிக்கொண்டு குதிரையோடு இழுபடுவீர்கள். குதிரைச் சவாரியில் நான் மிகவும் பயப்படுவது விழுவதற்கு அல்ல, இதற்குத்தான். குதிகால் கொஞ்சம் உயர்ந்த ஷூ நல்லது. அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்க வேண்டும், குதிகால் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். அடிப்பாகம் அகலமான மலையேற்ற ஷூ அங்கவடியில் சிக்கிக்கொள்கிறதா என்று கிளம்பும் முன்பே காலை உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கள். அங்கவடி நீளம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், கால் தொங்கக் கூடாது.

ஹெல்மெட் பெரும்பாலும் தர மாட்டார்கள். குதிரைச் சவாரிக்கென்றே இருக்கும் ஹெல்மெட் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட்டையாவது பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் தலைக்கு அது எவ்வளவோ மேல்.

உட்காரும் விதம்

கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு சுற்றுப் போனவர்கள் தங்களுக்குக் குதிரை ஏறத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தார் ரோடு. இங்கே வேர்களும் உருளைக்கற்களும் சேறும் ஓடைகளும் உண்டு. ஏற்றத்தில் இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய வேண்டும், இறக்கத்தில் பின்னால். கூட வருகிறவர் “ஆகே, பீச்சே” என்று சொல்லிக்கொண்டே வருவார், அது இதைத்தான். நாம் பயத்தில் நேர்மாறாகச் செய்வோம். இறக்கத்தில் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முன்னால் கவிழ்வோம். நம் பாரம் முழுக்க அதன் முன்னங்காலில் போய்விடும், ஒரு கல் புரண்டால் அதனால் சமாளிக்க முடியாது.

இன்னொன்று, லகானைப் பேருந்துக் கம்பி மாதிரிப் பிடித்துத் தொங்குவது. லகானின் மறுமுனை குதிரையின் வாயில் இருக்கிறது. நீங்கள் தடுமாறும்போதெல்லாம் அதன் வாய் வெட்டி இழுக்கப்படும். சமநிலைக்குச் சேணத்தின் முன்பக்கம் இருக்கும் பிடியைப் பிடியுங்கள், அது இல்லையென்றால் பிடரி மயிரைப் பிடியுங்கள். பிடரியைப் பிடிப்பது அதற்கு அவ்வளவாக வலிக்காது, வாயை இழுத்தால் நிச்சயம் வலிக்கும்.

குதிரைகள் வரிசையாகப் போகும்போது முன்னால் போகும் குதிரையின் பின்பக்கத்தில் மூக்கை உரச விடாதீர்கள். ஒரு குதிரை நீளமாவது இடைவெளி வேண்டும். காதுகளைப் பின்னால் மடித்து ஒட்டவைத்தால் அது கோபத்தில் இருக்கிறது என்று பொருள், உதை அடுத்து வரும். பின்னால் வரும் குதிரையில் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலில்தான் அந்த உதை விழும். கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் போக ஆசைப்படுவது புரிகிறது. ஒற்றையடிப் பாதையில் வேண்டாம்.

செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கையால் பிடித்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது. குதிரையை நிறுத்தச் சொல்லி (“ருக்கோ” என்றால் போதும்) படம் எடுங்கள். அதைவிட மோசம், குதிரை மேல் உட்கார்ந்தபடி குடையை விரிப்பதும் பிளாஸ்டிக் மழைக்கோட்டைச் சலசலவென்று பிரித்து மாட்டுவதும். சாது குதிரைகூடத் திடீர்ச் சத்தத்துக்கும் தலைக்கு மேல் விரியும் பொருளுக்கும் துள்ளிவிடும். மழை வரும்போல் இருந்தால் இறங்கி மாட்டிக்கொண்டு ஏறுங்கள்.

கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறவே ஏறாதீர்கள். எத்தனை பேர் செய்கிறார்கள்! நீங்கள் சரிந்தால் பிள்ளை உங்களுக்கு அடியில் இருக்கும். தனியாக உட்காரும் வயது வந்த பிள்ளைக்குத் தனிக் குதிரை வேண்டும், அதற்கென்றே ஓர் ஆள் லகானைப் பிடித்து நடக்க வேண்டும். மூன்று குதிரைக்கு ஓர் ஆள் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கர்ப்பிணிகள், முதுகுத்தண்டில் டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஏற வேண்டாம்.

போகுமிடம், நேரம், காசு

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமுக்கு அருகே உள்ள பைசரன் புல்வெளியில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பயணிகளைக் குதிரையில் அழைத்துப் போன உள்ளூர் இளைஞர். அதன் பிறகு காஷ்மீரின் பல சுற்றுலா இடங்களை மூடினார்கள், பிறகு கட்டம் கட்டமாகத் திறந்தார்கள். ஊரில் இருக்கும்போது படித்த பட்டியலை நம்பாமல், கிளம்பும் நாளில் எது திறந்திருக்கிறது என்று அங்குள்ள சுற்றுலா அலுவலகத்திலோ போலீஸிடமோ விசாரியுங்கள். மூடிய இடத்துக்கு வேறு வழியாகக் கூட்டிப் போகிறேன் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

உயரமும் கணக்கில் வர வேண்டும். பஹல்காம் கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம்தான். தாஜிவாஸ் பனியாற்றைப் பார்க்கக் குதிரை ஏறும் சோனமார்க் அதைவிடச் சுமார் 500 மீட்டர் மேலே இருக்கிறது. ஸ்ரீநகரில் இறங்கிய அன்றே ஓடாமல் ஒரு நாள் கழித்துப் போனால் மூச்சு வாங்குவது குறையும். 2025 ஜனவரியில் ஆறரை கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்த பிறகு குளிர்காலத்திலும் சோனமார்க் போக முடிகிறது. ஆனால் உறைந்த பனியில் இரும்பு லாடம் வழுக்கும், அந்த நேரத்தில் குதிரையைவிட நடையே மேல் என்பது என் கருத்து. கோடையில் காலையிலேயே கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் மழை பிடிக்கும். நனைந்த கல்லிலும் அதே வழுக்கல்தான்.

கட்டணப் பலகை வைத்திருக்கும் ஸ்டாண்டில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேசும்போது தொகையை மட்டும் பேசினால் சண்டையில்தான் முடியும். ஒரு முறை எங்களை ஆறு இடம் என்று கூட்டிப் போய் மூன்றாவது இடத்திலேயே பாதை முடிந்தது என்றார்கள். இடங்களின் பெயர், போகவர எத்தனை மணி நேரம், மேலே எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், ஒரு குதிரைக்கா மொத்தத்துக்கா, இதையெல்லாம் தாளில் எழுதி அவரிடமே காட்டிவிடுங்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் குதிரைச் சவாரி அதில் வருமா என்று பாருங்கள். சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவைக்கும் பாலிசிகள் உண்டு.

இறங்கும்போதும் அவசரம் வேண்டாம். குதிரை அசையாமல் நிற்கட்டும், தலைப்பக்கம் குதிரைக்காரர் பிடித்துக்கொள்ளட்டும். முதலில் இரண்டு பாதத்தையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டு, முன்னால் சாய்ந்து, வலது காலைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து சறுக்கி இறங்குங்கள். ஒரு கால் அங்கவடியில் இருக்க இன்னொரு கால் தரையில் படும் நொடியில்தான் குதிரை நகர்ந்துவிடும். தரையில் கால் பட்டதும் முழங்கால் துவளும், சேணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். பட்டையைத் தளர்த்தித் தண்ணீர் காட்டச் சொல்லுங்கள். கூடுதலாக ஏதாவது கொடுக்க நினைத்தால், நம்மோடு மேலே வரை நடந்து வந்தவரின் கையில் கொடுங்கள். பல நேரம் அவர் அந்தக் குதிரைக்கு உரிமையாளர் இல்லை, கூலிக்கு நடக்கிறவர்.