கடல் வருமானத்தில் மாத வரவு செலவைத் திட்டமிடுவது எப்படி?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளில் விசைப்படகுத் தொழிலை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு முதல் தேதிச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போவதும், காற்று வலுத்து டோக்கன் (மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு) கிடைக்காத நாளில் படகு கரையிலேயே நிற்பதும், டீசலும் ஐஸும் கழித்த பிறகே பங்கு பிரிப்பதும் இங்கே வழக்கம் என்பதால், மாதச் சம்பளக்காரர்களுக்கென எழுதப்பட்ட கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது.

முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டை நூலில் கட்டி அடுக்களை ஆணியில் தொங்கவிடுவது. பங்குப் பணம் வந்த அன்றே தொகையை எழுதுங்கள். படகு போகாத நாளில் சுழியம் என்று எழுதத் தவறாதீர்கள். மூன்று மாதம் இப்படி எழுதினால், அவற்றுள் மிகக் குறைவாக வந்த மாதம் எது என்று தெரியும். அந்த மாதத்து வரவுக்குள் அரிசி, பருப்பு, குடிதண்ணீர், கேஸ், பள்ளிச் செலவு அடங்க வேண்டும். நல்ல பாடு (மீன் வரத்து) கிடைத்த மாதத்தை அளவுகோலாக வைப்பதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு என்பது என் கருத்து. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், பாதித் தொகையை ஒவ்வொரு மாதமும் எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது ஆண்டுதோறும் முன்கூட்டியே தெரிந்த செய்தி. ஆகவே அதை எதிர்பாராத கஷ்டமாகக் கருதாமல், மாதச் செலவில் ஒன்றாகவே எழுத வேண்டும். வீட்டின் அத்தியாவசியச் செலவு மாதம் 12,000 ரூபாய் என்றால் இரண்டு மாதத்துக்கு 24,000 தேவை. அரசின் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயைக் கழித்தால் நாமே சேர்க்க வேண்டியது 16,000. பத்து மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 1,600, வாரத்துக்கு ஏறத்தாழ 400. நிவாரணம் தடை தொடங்கும் நாளிலேயே கைக்கு வரும் என்று எண்ணாமல், முதல் மாதச் செலவுக்கான பணம் முழுவதையும் ஏப்ரலுக்கு முன்பே சேர்த்துவிடுவது நல்லது.

இந்தப் பணத்தை வீட்டு டப்பாவில் வைத்தால், மொய்யென்றும் மருந்தென்றும் கரைந்துவிடும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கிலோ மகளிர் குழுச் சேமிப்பிலோ போட்டு வையுங்கள். சேமிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மே மாதத்தில் ஐந்து வட்டிக்கு வாங்கும் 10,000 ரூபாய்க்கு மாதம் 500 ரூபாய் வட்டியே போகும், அசல் அப்படியே நிற்கும்.

கடன் ஏற்கெனவே இருந்தால், வட்டி அதிகமானதை முதலில் அடைத்துவிடுங்கள். தடை முடிந்து கைக்கு வரும் முதல் பங்கில், கடைப் பாக்கியைத் தீர்ப்பதோடு அடுத்த ஏப்ரலுக்கான முதல் 400 ரூபாயையும் எடுத்து வைத்து, நோட்டில் தேதியோடு எழுதிவிடுங்கள்.