கிடைத்ததைக் கையில் எடுக்கும் முன்

போன வெள்ளிக்கிழமை, மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் என் வீட்டு வாசலில் மூன்று இளைஞர்கள் ஒரு அரிசிப் பையைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே செம்பனைத் தோட்டத்துக் கால்வாய் ஓரம் பொறுக்கிய செங்கல் துண்டுகளும் பானை ஓடுகளும். "நல்லா கழுவிக் கொண்டாந்திருக்கோம் சார்," என்றான் ஒருவன். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் திட்ட மனம் வரவில்லை. ஒரு காலத்தில் நானும் இதே முகத்தோடுதான் நின்றேன்.

பழங்கோயில்களின் எச்சங்கள் கிடைக்கிற பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆர்வம் வரத்தான் செய்யும். ஆண்டை மாற்றி எழுதுவது, பெயரைத் தப்பாகச் சொல்வது எல்லாம் படிக்கப் படிக்கத் தானே சரியாகிவிடும். அப்படிச் சரியாகாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பொருளை இடத்திலிருந்து பிரிப்பது

நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். புல்டோசர் புரட்டிய மண்ணிலும் புதிதாக வெட்டிய கால்வாய்க் கரையிலும் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள் கிடந்தன. சிவப்பு, மஞ்சள், ஒன்றிரண்டு நீலம். பள்ளி விட்டதும் அங்கே ஓடுவேன். மூன்று மாதத்தில் ஒரு மைலோ டின் பாதி நிறைந்தது. சோப்புத்தூள் போட்டுக் கழுவி, நிறவாரியாகப் பிரித்து நூலில் கோத்து வைத்தேன்.

சில வருஷம் கழித்து, ஆய்வுக்காக மெர்போக் வந்திருந்த ஒருவரிடம் டின்னை நீட்டினேன். எந்த இடம், எவ்வளவு ஆழம், கூட என்ன கிடந்தது என்று கேட்டார். கால்வாய்க் கரை என்றேன். எந்தக் கரை என்றார். அந்தக் கால்வாயையே அதற்குள் மூடியிருந்தார்கள். டின்னை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று அவர்மேல் வருத்தம்தான் வந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. அவை இந்தோ-பசிபிக் மணிகள். கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கிச் செய்தவை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் செய்தார்கள், இலங்கையின் மாந்தையில் செய்தார்கள், தாய்லாந்தின் குலோங் தோமில் செய்தார்கள், நம் கெடாவின் சுங்கை மாஸிலும் செய்தார்கள். அதுவும் பல நூற்றாண்டுகள். கப்பலில் வந்ததா, இங்கேயே உருக்கியதா, எந்தக் காலத்தது என்று மணியை மட்டும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பக்கத்தில் உருகிய கண்ணாடிக் கழிவு கிடந்திருந்தால் பட்டறையாக இருந்திருக்கலாம். எலும்பு கிடந்திருந்தால் புதைகுழியாக இருந்திருக்கலாம். அதே அடுக்கில் ஒரு கரித்துண்டு இருந்திருந்தால் காலக்கணிப்புக்கே அனுப்பியிருக்கலாம்.

கீழடியைப் பாருங்கள். கி.மு. 580 என்று சொல்கிறோமே, அது 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கிடைத்த தேதி. ஆழத்தைக் குறித்து வைத்ததால்தான் அந்தத் தேதியை அந்த மண்ணடுக்கில் கிடந்த பொருட்களோடு சேர்த்துப் பேச முடிகிறது. என் மணிகளுக்கு ஆழம் கிடையாது. இன்றைக்கும் யாராவது பையோடு வந்து நின்றால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, என்ன செய்யலாம்? கண்ணில் பட்டதை அப்படியே விடுங்கள். பக்கத்தில் ஐம்பது சென் நாணயத்தை வைத்துக் கிட்டத்தில் ஒரு படம். பாலமோ மின்கம்பமோ தெரிகிற மாதிரித் தள்ளி நின்று இன்னொரு படம். கைப்பேசியில் இடக்குறியீட்டைச் சேமியுங்கள். தரைமட்டத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர், மண் என்ன நிறம் என்று எழுதுங்கள். அப்புறம் மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி அது கடமை. நாளைக்கே புல்டோசர் வருகிறதென்றால் இன்றைக்கே நேரில் போங்கள். 2013இல் சண்டி 11 என்ற பழங்கோயிலின் அடித்தளத்தை இடித்த பிறகுதான் நாடே அதைப் பற்றிப் பேசியது.

கல்வெட்டில் சாக்கட்டி

சாக்கட்டி, மாவு, பெயின்ட் எதுவும் வேண்டாம். பூசுகிறவரின் ஊகம்தான் எழுத்தாகத் தெரியும். இருட்டியதும் டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழும், எழுத்து எழுந்து வரும். கல்லின்மேல் தாளை ஒட்டி மை தடவி எழுத்தைப் படியெடுக்கிற மைப்படி வேலையைப் பழகியவரிடம் விடுங்கள்.

எல்லாவற்றையும் ராஜேந்திரனிடம் சேர்ப்பது

1025 வாக்கில் கடாரத்தின்மேல், அதாவது இந்தக் கெடாவின்மேல், ராஜேந்திர சோழனின் படை போனதைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. அதற்காக இங்கே கிடைக்கிற ஒவ்வொரு செங்கல்லும் சோழர் வைத்ததாகிவிடாது. பக்கத்துச் செபராங் பிறையில் 1834இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த புத்தகுப்தன் என்ற மாலுமியின் பௌத்தக் கல்வெட்டு ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ராஜேந்திரனுக்கு ஐந்நூறு வருஷம் முந்தியது. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததைச் சோழர்களின் லெய்டன் செப்பேடு சொல்கிறது. சண்டைக்கு முன்னால் அப்படி ஓர் உறவு இருந்தது. படையெடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டால் இதெல்லாம் கண்ணில் படாது.

மெட்டல் டிடெக்டர்

தொடாதீர்கள்.

இடத்தை வாட்ஸ்ஆப்பில் போடுவது

மறுநாளே மண்வெட்டியோடு ஆள் வந்துவிடும். அந்த மூவரும் குழுவில் போட்டிருந்த படத்தை என் வாசலில் நின்றபடியே அழிக்கச் சொன்னேன். பிறகு நால்வரும் கால்வாய்க்குப் போனோம். எங்கெங்கே எடுத்தார்கள் என்று அவர்களால் இரண்டு இடங்களைத்தான் உறுதியாகக் காட்ட முடிந்தது. அந்த இரண்டையும் அளந்து எழுதி, பையோடு சேர்த்து ஞாயிற்றுக்கிழமை காலை (கெடாவில் அது வேலை நாள்) மாவட்ட அலுவலகம் திறந்ததும் ஒப்படைத்தோம்.